தளிக் குளிரில் அக்லோனிமா: இலையெல்லாம் கரும்பச்சைத் திட்டு, என்ன செய்வது?

தளிமலர் (தளி) | டிசம்பர் 27, இரவு 9.05

எல்லோருக்கும் வணக்கம். கார்த்திகைக் கடைசியில் ஓசூரில் ஒரு நர்சரியில் சிவப்பு ஓரம் வைத்த அக்லோனிமா ஒன்று வாங்கினேன். வாங்கும்போது இலைகள் நிமிர்ந்து பளபளவென்று இருந்தன. கூடத்தில், வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே தரையில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரு தம்ளர் தண்ணீர். மார்கழி பிறந்ததிலிருந்து கீழ் இலைகள் மஞ்சளாகித் தொங்குகின்றன. ஜன்னல் பக்கம் இருக்கும் இலைகளில் கரும்பச்சைத் திட்டுகள். எண்ணெய்க் கையோடு காகிதத்தைப் பிடித்தால் ஒரு கறை விழுமே, அப்படி. மண் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் செடி தாகத்தில் இருப்பதுபோல் வாடி நிற்கிறது.

தளியின் குளிர் உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று அழைத்த ஊர். கூடத்தில் மாட்டியிருக்கும் வெப்பமானி விடியற்காலையில் 14 காட்டுகிறது. குளிர்ப் பிரதேசத்தில் வெப்பமண்டலச் செடி வளர்ப்பது எப்படி என்று இணையத்தில் தேடினால், ஹீட்டருக்கு அருகில் வைக்காதே, இரட்டைக் கண்ணாடி ஜன்னலை விட்டுத் தள்ளி வை, ஈரப்பதமூட்டி வாங்கு என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஹீட்டரும் இல்லை, இரட்டைக் கண்ணாடியும் இல்லை. ஓட்டு வீடு. இதற்கு என்ன வழி?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்) | டிசம்பர் 27, இரவு 9.20

14 டிகிரியா? அக்கா, அந்தச் செடியை எங்கள் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். சித்திரையில் நீங்கள் அங்கிருந்து குளிரை அனுப்பினால் போதும், கணக்கு நேராகிவிடும்.

பாலிஹவுஸ் (பாகலூர்) | டிசம்பர் 27, இரவு 10.40

மலர் அம்மா, செடிக்கு வந்திருப்பது நோய் இல்லை, குளிர்க்காயம். அக்லோனிமா தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரத்தடி நிழலில் வளர்கிற செடி. அங்கே இரவும் வெதுவெதுப்பாகவே இருக்கும். பெரும்பாலான ரகங்களுக்கு 15 டிகிரிக்குக் கீழே போனாலே சிக்கல் ஆரம்பம். பனி உறைய வேண்டியதில்லை, 12, 13 டிகிரியில் சில இரவுகள் நின்றாலே இலைச் செல்களின் சவ்வு கெட்டு உள்ளிருக்கும் நீர் கசிகிறது. நீங்கள் சொல்லும் எண்ணெய்த் திட்டு அதுதான். இதில் தொல்லை என்னவென்றால், காயம் பட்ட அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் திட்டு எழும்பும். அதனால் நேற்று ஊற்றிய தண்ணீரையோ போன வாரம் போட்ட உரத்தையோ ஆள் குறை சொல்லிக்கொண்டிருப்பார். திட்டு விழுந்த இலை பழையபடி ஆகாது. புது இலை நன்றாக வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

உங்கள் வெப்பமானி எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது? ஆள் உயரத்தில் 14 என்றால் ஜன்னலடியில், தரையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தரை என்ன தரை? சிமெண்டா, டைல்ஸா, கிரானைட்டா?

நான் ரோஜா பாலிஹவுஸில், அதாவது பாலித்தீன் கூரை போட்ட பசுமைக்குடிலில், மேற்பார்வை வேலை பார்க்கிறேன். காதலர் தினத்துக்குப் பூ அனுப்ப வேண்டுமென்பதற்காக டிசம்பரில் கவாத்து முடித்துவிட்டு, தை முழுக்க இரவு வெப்பநிலையை எண்ணி எண்ணி வயிறு கலங்கும் கூட்டம் நாங்கள். ரோஜாவே குளிரில் சுணங்கும் ஊரில் அக்லோனிமாவைத் தரையில் வைத்தால் அது என்ன செய்யும்?

தளிமலர் (தளி) | டிசம்பர் 28, காலை 7.15

தரை கிரானைட் சார். போன வருடம்தான் போட்டோம். நம் மாவட்டத்தில் வேறு என்ன போடுவார்கள்? வெப்பமானி சுவரில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகு இரவு எடுத்துத் தொட்டிக்கருகில் வைத்தேன். விடியற்காலை 12 காட்டியது.

பாலிஹவுஸ் (பாகலூர்) | டிசம்பர் 28, பகல் 1.30

அப்படியானால் ஓடு, கல், காலைத் தண்ணீர் மூன்றும் சேர்ந்து செடியை வதைத்திருக்கின்றன. கிரானைட் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும் கல். இரவு முழுக்கக் குளிர்ந்த கல்லின்மேல் தொட்டி உட்கார்ந்தால் தொட்டியின் அடி, அதாவது வேர் இருக்கும் இடம், முதலில் குளிர்கிறது. குளிர்ந்த வேர் தண்ணீரை உறிஞ்சாது. மண்ணில் ஈரம் இருந்தும் இலை வாடுவது இதனால்தான். வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம். அதுவும் விடிந்ததும், மேல்நிலைத் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீரை. மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது, பித்தியம் போன்ற வேரழுகல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். கீழ் இலை மஞ்சளாவது அந்தக் கணக்கு, எண்ணெய்த் திட்டு குளிர்க் கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்றே செய்ய வேண்டியது: தொட்டியை மர முக்காலி மேலோ பலகை மேலோ ஏற்றுங்கள். ஒன்றும் இல்லையென்றால் பழைய தெர்மாகோல் துண்டு போதும். தண்ணீரை நிறுத்துங்கள். விரலை இரண்டு கணுவரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் ஒரு சொட்டும் வேண்டாம். மறுபடி ஊற்றும்போது காலை பத்து, பதினொரு மணிக்கு, அறைக்குள் எடுத்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள்.

தேன்கனி அம்மா (தேன்கனிக்கோட்டை) | டிசம்பர் 28, மாலை 4.00

மலர், நான் சொல்வதைக் கேள். தினமும் காலையும் மாலையும் இலைமேல் தண்ணீரைத் தெளி. வெப்பமண்டலச் செடிக்கு ஈரக்காற்று வேண்டும். வாரம் ஒரு முறை புளித்த மோரைக் கரைத்து ஊற்று. காய்ச்சிய டீத்தூளையும் கழுவிப் போடு. என் வீட்டு ரோஜா இப்படித்தான் பூத்துக் குலுங்குகிறது.

பாலிஹவுஸ் (பாகலூர்) | டிசம்பர் 28, மாலை 6.10

அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ரோஜா வாசலில் வெயில் குடிக்கிறது. அது மோரையும் தாங்கும், டீத்தூளையும் தாங்கும். கூடத்தில் வேர் நடுங்கிக்கொண்டிருக்கும் செடிக்கு மோர் ஊற்றினால் மண்ணில் புளிப்பும் கொசு மாதிரி ஈக்களும்தான் மிஞ்சும். இலைமேல் தெளிப்பதும் இந்த ஊருக்கு, இந்த மாதத்துக்கு ஆகாது. மார்கழி விடியலில் தளியில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வருகிறது. காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. மாலையில் நனைந்த இலை விடியும்வரை காயாமல் குளிரில் கிடந்தால் சாம்பல் பூசணம் பிடிக்கும். எங்கள் பாலிஹவுஸில் பொழுது சாய்வதற்கு முன்பே பக்கத்திரைகளை இறக்கிப் பகல் சூட்டை உள்ளே அடைக்கிறோம். ஆனால் விடிந்து வெயில் ஏறியதும் முதல் வேலையாகத் திரையைத் தூக்கி ஈரத்தை வெளியே விரட்டுகிறோம். வீட்டுக்கும் அதே ஒழுங்குதான். ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்துங்கள், காலை ஒன்பதுக்குத் திறங்கள்.

தேன்கனி அம்மா (தேன்கனிக்கோட்டை) | டிசம்பர் 28, மாலை 6.25

சரி தம்பி, கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் மோரைப் பற்றிப் பேசாதே.

பர்கூரான் (வினிபெக், கனடா) | டிசம்பர் 28, இரவு 8.50

மலர் அக்கா, எனக்குச் சொந்த ஊர் பர்கூர். நீங்கள் படித்த கட்டுரைகள் எல்லாம் எங்களுக்காக எழுதப்பட்டவை, உங்களுக்காக இல்லை. இங்கே வெளியே மைனஸ் 30 வரை போகும் நாள்கள் உண்டு. ஆனால் வீட்டுக்குள் இரவு பகல் 20, 21 டிகிரியில் சூடேற்றி வைத்திருப்பார்கள். ஜன்னல் கண்ணாடியை இலை தொடாதவரை என் செடிக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. எங்கள் தொல்லை வேறு. டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்தான். அந்த எட்டு மணி நேரத்திலும் சூரியன் தெற்கே அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்துவிட்டு மறைந்துவிடும். சூடேற்றிய காற்றோ எலும்பு வரை உலர்ந்தது, ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். இலை நுனி கருகும், சிவப்புச் சிலந்திப்பேன் வரும். அதனால்தான் எல்.இ.டி. விளக்கு, ஈரப்பதமூட்டி என்று எழுதுகிறார்கள்.

உங்கள் தளியில் டிசம்பரிலும் பதினொன்றரை மணி நேரப் பகல் இருக்கிறது. மதிய வெயில் நன்றாகவே அடிக்கும். காற்றில் ஈரம் உண்டு. குறை இரவில் மட்டும்தான். எங்களுக்கு ஒளிப் பஞ்சம், உங்களுக்கு இரவுச் சூட்டுப் பஞ்சம். இரண்டு ஊருக்கும் பொதுவான அறிவுரை இரண்டே இரண்டு: இரவில் கண்ணாடிக்கருகில் வைக்காதே, கோடையில் ஊற்றியதுபோல் தண்ணீர் ஊற்றாதே. அதிலும் காரணம் வேறு வேறு. இங்கே ஒளி இல்லாததால் செடி குடிப்பதில்லை, அங்கே வேர் குளிர்ந்ததால் குடிப்பதில்லை.

தளிமலர் (தளி) | டிசம்பர் 28, இரவு 9.30

தம்பி, இதைத்தான் இத்தனை நாளாக யாரும் சொல்லவில்லை. அப்படியானால் நான் செடியைப் பகலில் வெளியே எடுத்து வைக்கலாமா?

பர்கூரான் (வினிபெக், கனடா) | டிசம்பர் 28, இரவு 9.45

நேர் வெயிலில் வேண்டாம், இலை வெளுத்துக் கருகிவிடும். திண்ணை நிழல் போதும். சிவப்பு ரகங்களுக்குப் பச்சை ரகங்களைவிட வெளிச்சம் கூடுதலாகத் தேவை. இருட்டு மூலையில் சிவப்பு மங்கிப் பச்சையாகிவிடும். வடக்கு ஜன்னலைவிடக் கிழக்கு ஜன்னல் நல்லது. காலை இளவெயில் ஒரு மணி நேரம் பட்டால் தொட்டி மண்ணும் சூடேறும்.

காரிமங்கலத்தான் (காரிமங்கலம்) | டிசம்பர் 29, காலை 8.00

ஒரு சந்தேகம். தர்மபுரியிலிருந்து தளி எவ்வளவு தூரம் என்று இத்தனை குளிர் வித்தியாசம்? இங்கே விடியலில் ஒரு போர்வை போதும்.

அரூர் வாத்தியார் (அரூர்) | டிசம்பர் 29, காலை 9.40

தூரத்தைப் பார்க்காதீர்கள் தம்பி, உயரத்தைப் பாருங்கள். தர்மபுரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீட்டர், தளிக்குப் பக்கத்து ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆக மூன்று டிகிரி உயரத்தினாலேயே போய்விடுகிறது. தெளிந்த வானத்தில் நிலம் வேகமாகக் குளிர்வது அதற்கு மேல். மனிதருக்கு மூன்று டிகிரி ஒரு போர்வை. அக்லோனிமாவுக்கு 16-க்கும் 13-க்கும் நடுவே பிழைப்பும் அழிவும் இருக்கிறது.

மலர் அம்மா, என் கேள்வி வேறு. உங்கள் தண்ணீர் எது? ஆழ்துளைக் கிணறா, ஒகேனக்கல் தண்ணீரா?

தளிமலர் (தளி) | டிசம்பர் 29, காலை 10.15

செடிகளுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் ஐயா. நீங்கள் கேட்டதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதே ஜன்னலில் தொங்கும் ஸ்பைடர் பிளாண்டின் நுனிகள் எல்லாக் காலத்திலும் பழுப்பாகக் காய்ந்தே இருக்கின்றன. கோடையிலும் அப்படித்தான்.

அரூர் வாத்தியார் (அரூர்) | டிசம்பர் 29, பகல் 12.20

அதைத்தான் எதிர்பார்த்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடிப் பாறையிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைகிறது. வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் பற்களில் பழுப்புக் கோடு தெரியும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. குடிப்பதற்கு அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு, செடிக்கும் மாட்டுக்கும் பழைய ஆழ்துளைக் கிணற்றையே இறைப்பது நம் வழக்கம்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆனால் டிரசீனா, ஸ்பைடர் பிளாண்ட், கலாத்தியா போன்றவற்றுக்கு ஒரு மில்லிகிராமே அதிகம். இந்தச் செடிகளில் ஃபுளோரைடு தண்ணீரோடு ஏறி இலை நுனியில் தங்கிவிடும், திரும்பி இறங்காது. அதனால் நுனியும் ஓரமும் முதலில் கருகும். பக்கத்து வீட்டில் அதே செடி மழைநீரில் பச்சென்று நிற்கும்.

ஆகவே ஒரு அடையாளம்: நுனி மட்டும் காய்ந்த பழுப்பு, வருடம் முழுக்க என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். இலை நடுவில் கரும்பச்சைத் திட்டு, மார்கழியில் மட்டும் என்றால் குளிர். உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே ஜன்னலில் இருக்கின்றன.

காரிமங்கலத்தான் (காரிமங்கலம்) | டிசம்பர் 29, பகல் 12.45

தண்ணீரை ஒரு இரவு வாளியில் வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று காணொளியில் பார்த்தேன்.

அரூர் வாத்தியார் (அரூர்) | டிசம்பர் 29, பகல் 1.10

போகாது. ஒரு இரவில் பறந்துபோவது குளோரின். ஃபுளோரைடு உப்பு, அது எங்கும் பறக்காது. காய்ச்சினால் தண்ணீர் வற்றி அதன் செறிவு கூடும், அவ்வளவுதான். மழைநீர் சிறந்தது. ஐப்பசி மழையில் ஓட்டுக் கூரையிலிருந்து ஒரு டிரம் பிடித்து மூடி வைத்தால் ஸ்பைடர் பிளாண்டுக்குப் பங்குனி வரை வரும். ஆர்.ஓ. தண்ணீரும் ஆகும். சூப்பர் பாஸ்பேட்டைத் தொட்டிக்குப் போடுகிறவர்கள் கவனியுங்கள், அதிலும் ஃபுளோரைடு உண்டு.

வத்தல்மலை வீடு (வத்தல்மலை) | டிசம்பர் 29, இரவு 8.30

எங்கள் மலையிலும் இதே கதைதான். காபிக்கு இந்தக் குளிர் பிடிக்கும், என் மனைவி வாங்கி வைத்த ஆந்தூரியத்துக்குப் பிடிக்காது. நான் செய்வது எளிது. இரவில் நல்ல தெளிந்த பாலித்தீன் பையைத் தொட்டியோடு சேர்த்துக் கவிழ்த்து மூடுவேன், இலையைத் தொடாமல் நான்கு குச்சி நட்டுக்கொள்வேன். காலையில் எடுத்துவிடுவேன். பையை விட இன்னொன்று: செடிகளைத் தனித்தனியே வைக்காமல் அடுப்படிச் சுவரின் மறுபக்கம் கூட்டமாக வைத்திருக்கிறேன். மாலைச் சமையலின் சூடு சுவரில் வெகுநேரம் நிற்கிறது.

அரூர் வாத்தியார் (அரூர்) | டிசம்பர் 29, இரவு 9.00

பாலித்தீன் பைக்குப் பெரிய குடும்ப வரலாறு இருக்கிறது. லண்டனில் நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர் மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் செடிகள் தாமே வளர்வதைக் கவனித்து, அதைக் கண்ணாடிப் பெட்டியாகச் செய்தார். 1833-ல் அப்படி இரண்டு பெட்டிகளில் செடிகளைக் கப்பலேற்றிச் சிட்னிக்கு அனுப்பினார், உயிரோடு போய்ச் சேர்ந்தன. தேயிலைக் கன்றுகள் சீனாவிலிருந்து இந்தியா வந்ததும் இந்த வார்டு பெட்டிகளில்தான். பழைய மீன் தொட்டி ஒன்று பரணில் கிடந்தால் வெளியே எடுங்கள்.

நர்சரி வேலன் (ஓசூர்) | டிசம்பர் 30, காலை 6.50

நான் நர்சரியில் வேலை செய்கிறேன். மலர் அக்கா செடி வாங்கிய இடம் எதுவென்று கேட்கவில்லை, எல்லா இடத்திலும் நடப்பதைச் சொல்கிறேன். இங்கே விற்கும் உள்ளரங்குச் செடிகளில் நிறைய ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வருகின்றன. கோதாவரிக் கரையின் வெக்கையில், நிழல்வலைக்கடியில் வளர்ந்தவை. மழைக்காலம் முடிந்து இங்கே இறங்கும்போது நேராகக் குளிரில் விழுகின்றன. அதோடு அங்கே களிமண் கலந்த உருண்டையில் நட்டிருப்பார்கள். அந்த உருண்டையை அப்படியே பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் தென்னை நார்க்கழிவை நிரப்பி விற்பதும் உண்டு. மேலே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே களி ஈரமாகவே கிடக்கும். விரல் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அக்கா, உடனே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் புதுக் கலவையில் மாற்றுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

பாலிஹவுஸ் (பாகலூர்) | டிசம்பர் 30, பகல் 1.15

வேலன் சொல்லும் களிமண் உருண்டை உண்மை. ஆனால் மார்கழியில் மாற்று நடவு செய்யச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குளிரில் புது வேர் பிடிக்காது. அறுந்த வேரின் வழியே அழுகல் உள்ளே போகும். மாசி கடந்து இரவுகள் 18-ஐத் தாண்டியபின் மாற்றுவதே முறை.

நர்சரி வேலன் (ஓசூர்) | டிசம்பர் 30, மாலை 5.40

நல்ல வேர் இருக்கும் செடிக்கு நீங்கள் சொல்வது சரி அண்ணா. ஏற்கெனவே அழுகத் தொடங்கிய செடி மாசி வரை காத்திருக்குமா? ஈரக் களிக்குள் அதை விட்டுவைப்பதைவிட வெளியே எடுப்பதில்தான் வாய்ப்பு அதிகம்.

பாலிஹவுஸ் (பாகலூர்) | டிசம்பர் 30, இரவு 7.20

சரி, அப்படியானால் நாம் இருவரும் ஊகத்தில் சண்டை போட வேண்டாம். மலர் அம்மா, பகல் பன்னிரண்டு மணிக்குத் தொட்டியைச் சாய்த்து மண்ணுருண்டையோடு மெல்ல வெளியே எடுங்கள். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று நரம்பு மட்டும் கையில் வந்தால், நாற்றம் அடித்தால், வேலன் பக்கம் தீர்ப்பு.

தளிமலர் (தளி) | டிசம்பர் 31, மாலை 3.30

எடுத்துப் பார்த்தேன். வேலன் தம்பி பக்கம்தான் தீர்ப்பு. நடுவில் கறுத்த களி உருண்டை, தொட்டால் ஐஸ். அடியில் இருந்த வேர்கள் எல்லாம் பழுப்பு, இழுத்ததும் தோல் கழன்று வருகின்றன. மேல் பக்கம் சில வேர்கள் மட்டும் வெள்ளையாக இருக்கின்றன. தண்டுகள் மூன்று. இரண்டு கெட்டியாக இருக்கின்றன, ஒன்றின் அடி அமுங்குகிறது. கையெல்லாம் அரிக்கிறது, இது எதனால்?

அரூர் வாத்தியார் (அரூர்) | டிசம்பர் 31, மாலை 3.50

அரிப்புக்குப் பயப்பட வேண்டாம். சேனை, சேம்பு, அக்லோனிமா எல்லாம் ஒரே குடும்பம். செடிக்குள் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும். சேனை நறுக்கினால் கை ஏன் அரிக்கிறதோ அதே காரணம்தான். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணில் கை வைக்காதீர்கள். வீட்டில் தவழும் குழந்தையோ நாயோ இருந்தால் வெட்டிய துண்டுகளைத் தரையில் விடக் கூடாது. மென்றால் வாயும் தொண்டையும் வீங்கும்.

நர்சரி வேலன் (ஓசூர்) | டிசம்பர் 31, மாலை 4.30

அக்கா, களியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டாம், குச்சியால் உதிர்த்து எடுங்கள். பழுப்பு வேர் எல்லாவற்றையும் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். அமுங்கும் தண்டை மேலே கெட்டியான இடத்தில், வெட்டு முகம் வெளுப்பாகத் தெரிகிறவரை வெட்டுங்கள். மற்ற இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம். தொட்டி சின்னதாக இருக்கட்டும். வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் குடிக்க ஆளில்லாத தண்ணீர் மண்ணிலேயே நிற்கும். பிளாஸ்டிக்கை விட மண் தொட்டி சீக்கிரம் காயும்.

கலவைக்கு: கழுவிப் பிழிந்த தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, சுண்டைக்காய் அளவு கரித்துண்டும் ஆற்றுமணலும் சேர்த்து ஒரு பங்கு. மண்புழு உரம் ஒரு கை மட்டும். செம்மண் வேண்டாம். நட்டபின் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, வடிந்ததும் வாத்தியார் ஐயா சொன்ன மீன் தொட்டிக்குள்ளோ வத்தல்மலை அண்ணன் சொன்ன பைக்குள்ளோ வையுங்கள்.

பாலிஹவுஸ் (பாகலூர்) | டிசம்பர் 31, மாலை 6.00

கலவை நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். திட்டு விழுந்த இலைகளை எல்லாம் ஒரே நாளில் வெட்டித் தள்ளாதீர்கள். பாதி பச்சையாக இருக்கும் இலையும் செடிக்கு உணவு சமைக்கிறது. முழுவதும் மஞ்சளானது, சொதசொதவென்று ஆனது என இரண்டு வகையை மட்டும் நீக்குங்கள். கணுவிடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் மாவுப்பூச்சி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலைச் செடி தேறியபின் பார்த்துக்கொள்ளலாம்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்) | ஜனவரி 1, காலை 10.00

புத்தாண்டு வாழ்த்துகள். இத்தனை பேர் கூடி ஒரு செடிக்கு வைத்தியம் பார்ப்பதைப் பார்த்தால் எனக்கும் ஒன்று வாங்க ஆசை வருகிறது. காவேரிப்பட்டணத்தில் வளருமா?

நர்சரி வேலன் (ஓசூர்) | ஜனவரி 1, காலை 11.20

நன்றாக வளரும் அண்ணா. உங்களுக்கு மார்கழி சிக்கல் இல்லை, சித்திரைதான் சிக்கல். மதிய வெக்கைக் காற்று படாத இடமாகப் பாருங்கள்.

சூளகிரி லட்சுமி (சூளகிரி) | ஜனவரி 3, இரவு 9.10

வினிபெக் தம்பிக்கு ஒரு கேள்வி. என் மகளும் கனடாவுக்குப் படிக்கப் போகிறாள். என் வீட்டு மணி பிளாண்ட்டிலிருந்து ஒரு கொடி கொடுத்தனுப்பலாமா?

பர்கூரான் (வினிபெக், கனடா) | ஜனவரி 4, காலை 7.30

அம்மா, மண்ணோடு ஒரு பிடியும் உள்ளே விடமாட்டார்கள். மண்ணில்லாத கொடிக்கும் தாவர நலச் சான்றிதழ் முதலிய காகிதங்கள் வேண்டும். விமான நிலையத்தில் மகளை அலையவிடாதீர்கள், அதே மணி பிளாண்ட் இங்கே கடையில் கிடைக்கும். வாங்குகிற நாளைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் கடையிலிருந்து காருக்கு நடக்கும் அந்த ஒரு நிமிடத்தில் செடி செத்துப்போகும். முழுச் செடியையும் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டு, முன்பே சூடேற்றிய காரின் உள்ளே வைக்க வேண்டும், பின்பெட்டியில் வைக்கக் கூடாது. வீட்டில் ஜன்னலுக்கும் திரைச்சீலைக்கும் நடுவில் செடியை வைத்துவிட்டு இரவில் திரையை இழுத்தால், திரை அறைச் சூட்டைத் தடுத்துவிடும், செடி கண்ணாடிக் குளிரில் மாட்டிக்கொள்ளும். திரைக்கு உள்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். வெப்பக்காற்று வரும் துளைக்கு மேலேயும் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் எல்.இ.டி. விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் போதும், சாதாரண வெள்ளை விளக்கே வேலை செய்யும், செடிக்கு ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும்.

சூளகிரி லட்சுமி (சூளகிரி) | ஜனவரி 4, இரவு 8.15

நல்லது தம்பி. அவளிடம் இதையே அனுப்புகிறேன். பொங்கலுக்கு உன் அம்மாவிடம் பேசு.

தளிமலர் (தளி) | ஜனவரி 19, மாலை 5.00

பொங்கல் வேலையில் எழுத முடியவில்லை. இரண்டு தண்டுகள் நிற்கின்றன. மூன்றாவதை வெட்டி நட்டது அழுகிவிட்டது, எடுத்துப் போட்டுவிட்டேன். மீன் தொட்டிக்குள் தெர்மாகோல் மேல் வைத்து, இரவில் மேலே பலகை மூடுகிறேன். உள்ளே வைத்த வெப்பமானி விடியலில் 16 காட்டுகிறது. புதுத் திட்டு இல்லை. ஒரு தண்டில் சுருட்டிய புது இலை முனை தெரிகிறது, ஆனால் விரியவே மாட்டேன் என்கிறது. ஸ்பைடர் பிளாண்டுக்கு ஆர்.ஓ. தண்ணீர் விடுகிறேன். இனி அடுத்த முறை வாங்கினால் தளிக்குத் தாங்கும் செடி எது?

நர்சரி வேலன் (ஓசூர்) | ஜனவரி 19, இரவு 7.45

அக்லோனிமாதான் வேண்டுமென்றால் 'மரியா' கேளுங்கள் அக்கா. கரும்பச்சையில் வெள்ளி வரி, பார்க்க எளிமை, ஆனால் குளிரை மற்ற ரகங்களைவிடத் தாங்கும். 'சில்வர் குவீன்' பக்கம் போகாதீர்கள், சுணங்குவதில் அதுதான் முதல். வேறு செடி என்றால் ஆஸ்பிடிஸ்ட்ரா. தளிக் குளிரெல்லாம் அதற்குக் குளிரே இல்லை. கடையில் அடிக்கடி இருக்காது, சொல்லி வைத்தால் வரவழைப்பார்கள். பாம்புக் கற்றாழை வகையும் நிற்கும், மார்கழி, தையில் தண்ணீரை மறந்துவிட வேண்டும். எது வாங்கினாலும் மாசிக் கடைசியில் வாங்குங்கள். செடிக்கு முழுக் கோடையும் வேர்விடக் கிடைக்கும்.

தளிமலர் (தளி) | ஜனவரி 19, இரவு 8.00

புது இலை விரிய உரம் ஏதாவது போடலாமா?

பாலிஹவுஸ் (பாகலூர்) | ஜனவரி 19, இரவு 8.20

வேண்டாம் அம்மா. வேர் தூங்கும்போது போட்ட உரம் மண்ணில் உப்பாகத் தங்கி மிச்சமிருக்கும் வேரையும் சுடும். இலை விரிவதற்குச் சூடுதான் வேண்டும். மாசி கடைசியில் இரண்டாவது இலையும் வந்தபின், டப்பாவில் சொன்ன அளவில் கால்வாசி கரைத்து ஊற்றுங்கள். அதுவரை பகலில் மீன் தொட்டியின் மூடியைத் திறந்து வைக்க மறக்காதீர்கள்.